கல்யாண வீடியோவுக்கு யாரைப் பிடிப்பது? ஆச்சியின் குலவை கேட்க வேண்டும்

வள்ளியூர்ப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். தை மாதக் கடைசியில் எனக்குக் கல்யாணம். எங்கள் ஊர் வள்ளியூர், மாப்பிள்ளை வீடு நாகர்கோவில். மண்டபம் வள்ளியூரிலேயே பேசி முடித்தாயிற்று. முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பும் வரவேற்பும், மறுநாள் காலை 6 முதல் 7.30க்குள் முகூர்த்தம். சமையல், மேளம், பந்தல் எல்லாவற்றுக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். வீடியோ மட்டும்தான் முடிவாகாமல் இழுக்கிறது.

மூன்று பேரிடம் விசாரித்திருக்கிறோம். முதல் ஆள் எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர். என் காதுகுத்திலிருந்து அக்கா கல்யாணம் வரை எங்கள் வீட்டு விசேஷம் எல்லாம் அவர்தான் எடுத்தார். போட்டோ, வீடியோ, ஆல்பம் எல்லாம் சேர்த்து 75,000 என்கிறார். இரண்டாவது, திருநெல்வேலியில் ஒரு ஸ்டுடியோ. கேண்டிட் (போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுப்பது), டிரடிஷனல் (சடங்குகளை வரிசையாக எடுப்பது) இரண்டும், டிரோன், மண்டபத்தில் இரண்டு எல்இடி ஸ்கிரீன், டீசர் என்று 1,40,000. மூன்றாவது சென்னை டீம். 2,20,000, வந்து போகிற செலவும் தங்குகிற செலவும் தனி. அவர்கள் அனுப்பிய மூன்று நிமிட ஹைலைட்ஸைப் பார்த்து அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்கோ ஊர்க்காரரை விட மனசில்லை. நான் சென்னையில் வேலையில் இருப்பதால் எல்லாமே போனில்தான் பேச வேண்டியிருக்கிறது.

எனக்கு இருக்கிற ஒரே கவலை ஆச்சிதான். அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கு இப்போது வயசு 83. எங்கள் தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் குலவை ஆச்சிதான் போடுவாள். வலது கையை மேல் உதட்டுக்கு மேலே குடை மாதிரி வைத்துக்கொண்டு, நாக்கை இரண்டு பக்கமும் சுழற்றி ஆரம்பித்தால், மேளச் சத்தத்துக்கு மேலே அது தனியாகக் கேட்கும். அப்புறம்தான் மற்ற பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். இப்போது எங்கள் தெருவில் குலவை போடத் தெரிந்தவர்கள் மூன்றே பேர்தான். நான் எத்தனையோ தடவை முயன்று பார்த்தேன், எனக்கு வரவில்லை.

2017ல் அக்கா கல்யாணத்திலும் ஆச்சி குலவை போட்டாள். வீடியோவில் அந்த இடம் இருக்கிறது. ஆச்சியின் கை தெரிகிறது, வாய் தெரிகிறது, பின்னாடி ஓடுவது ஏதோ ஒரு சினிமாப் பாட்டு. தாலி கட்டுகிற இடத்திலேயே பாட்டைப் போட்டு மூடிவிட்டார்கள். என் கல்யாணத்தில் அப்படி ஆகக் கூடாது. ஆச்சிக்கு முன்பிருந்த மூச்சு இப்போது இல்லை. அடுத்து எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் தம்பிக்குத்தான், அதற்கு இன்னும் ஏழெட்டு வருஷமாவது ஆகும்.

இந்த மூன்று பேரிடமும் நான் என்ன கேட்க வேண்டும்? கூடப் பணம் கொடுத்தால் இது சரியாகிவிடுமா? மாப்பிள்ளையின் அண்ணன் சார்ஜாவில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை, லைவ் போட வேண்டும் என்கிறார்கள். அதற்குத் தனியாக ஆள் வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கண்டக்டர் மகள்:

தங்கச்சி, கேட்க வேண்டிய கேள்வியைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே கேட்டுவிட்டாய். நான் ஐந்து வருஷம் கழித்துத்தான் கேட்டேன்.

நான் திண்டுக்கல். 2016 ஆவணியில் எனக்குக் கல்யாணம். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர், பழனி ரூட்டில் ரொம்ப வருஷம் ஓடினார். வீட்டில் பேசினால் நாலாவது வீட்டுக்குக் கேட்கும். கல்யாணத்தன்று பந்தி வாசலில் நின்றுகொண்டு, பஸ்ஸில் சொல்கிற மாதிரியே, "உள்ள இடம் இருக்கு, உள்ள இடம் இருக்கு, படியில நிக்காதீங்க, முன்னாடி போங்க" என்று வந்தவர்களை எல்லாம் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். சனமே சிரித்தது. மேடையில் நின்ற எனக்கே அது கேட்டது. நானும் மாப்பிள்ளையும் சிரித்தது போட்டோவில் இருக்கிறது, எதற்காகச் சிரித்தோம் என்பது அதில் இல்லை.

2021 மே மாதம் அப்பா போய்விட்டார். காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அப்பா குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. அவருக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிற பழக்கம் கிடையாது. சரி, கல்யாண வீடியோவில் இருக்குமே என்று எடுத்துப் போட்டேன். மொத்தம் 3 மணி 20 நிமிஷம். அப்பா பந்தி வாசலில் நிற்கிற இடம் 11 விநாடி வருகிறது. ஸ்லோமோஷன். கை மெதுவாக ஆடுகிறது, வாய் மெதுவாகத் திறக்கிறது, பாட்டு ஓடுகிறது. மாப்பிள்ளையை வரவேற்கிற இடம், தாரை வார்க்கிற இடம், எனக்குத் திருநீறு பூசிவிட்டு ஏதோ சொன்னாரே அந்த இடம், எல்லாவற்றிலும் பாட்டுதான். அன்றைக்கு என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

வீடியோ எடுத்தவரிடம் போனேன். பெயர் வேண்டாம், நல்ல மனுஷர். ஆல்பம் கொடுத்த மூன்று மாதத்தில் கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வோம், ஹார்ட் டிஸ்கில் ஒரு வருஷம் வைத்திருப்போம், அதுவும் போய்விட்டது என்றார். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் எடுத்தது முழுவதும் வேண்டும் என்று நாங்கள்தான் ஒரு வார்த்தைகூடச் சொல்லி வைக்கவில்லையே.

அந்த 3 மணி 20 நிமிஷத்தையும் நாலு ராத்திரி உட்கார்ந்து ஹெட்போன் போட்டுக் கேட்டேன். 1 மணி 42வது நிமிஷத்தில், நாதஸ்வரம் ஒரு மூச்சு எடுத்து நிறுத்துகிற இடத்தில், கேமராவுக்குப் பின்னாலிருந்து அப்பா குரல் வருகிறது. "அட்சதைத் தட்டு எங்கப்பா, பின்னாடி யாருக்கும் வரலை." அவ்வளவுதான், நாலு விநாடி. அந்த இடத்தை மட்டும் வெட்டி போனில் வைத்திருக்கிறேன். என் மகன் தாத்தாவைப் பார்த்த ஞாபகம் இல்லாதவன். அவனுக்குத் தாத்தா என்றால் அட்சதைத் தட்டைக் கேட்கிறவர்.

அதனால் நான் சொல்வது இதுதான். ஹைலைட்ஸைப் பார்த்து ஆளை எடை போடாதே. அவர்கள் எடுத்த ஏதாவது ஒரு கல்யாணத்தின் முழு வீடியோவைக் கேட்டு வாங்கி, நடுவில் இருபது நிமிஷம் பார். மனுஷர் பேசுகிற சத்தம் அதில் கேட்கிறதா? பெரியவர்கள் ஆசீர்வாதம் பண்ணும்போது அவர்கள் சொல்வது காதில் விழுகிறதா? விழாவிட்டால் எத்தனை அழகாக எடுத்திருந்தாலும் உனக்கு அது சரிப்படாது. அப்புறம், பாட்டே போடாத ஒரு முழு வீடியோவும், எடுத்த எல்லாமும் அப்படியே ஹார்ட் டிஸ்கிலும் வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்கிவிடு.

மணவறை ஓரம்:

நான் மதுரையில் 17 வருஷமாகக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். அக்கா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத ஓடவில்லை. எங்கள் தொழிலில் இப்படி எத்தனை வீட்டுக் குரலை நாங்களே பாட்டுப் போட்டு மூடியிருக்கிறோமோ. 2019 வரை நானும் அப்படித்தான் எடிட் பண்ணினேன். வீட்டுக்காரர்களும் பாட்டு நிறைய இருந்தால்தான் நல்ல வீடியோ என்பார்கள். இப்போது முகூர்த்தம், தாரை வார்ப்பு, திருநீறு பூசுவது, மறுவீட்டுக்குக் கிளம்புகிற இடம் இந்த நாலுக்கும் நான் பாட்டுப் போடுவதில்லை.

முதலில் அக்காவுக்கு ஒரு விஷயம். அந்த 11 விநாடியை விநாடிக்கு 50, 60 ஃப்ரேமில் எடுத்து எடிட்டிங்கில் மெதுவாக்கியிருந்தால் குரல் மூல ஃபைலில் இருந்திருக்கும். இப்போது வருகிற பல கேமராக்களில் ஸ்லோமோஷன் மோடில் போட்டாலே சத்தம் பதிவாகாது. கேண்டிட் எடுக்கிற பையன்கள் பாதி நேரம் அந்த மோடில்தான் இருப்பார்கள். ஆகவே தங்கச்சி, "கேண்டிட் மட்டும் போதும், டிரடிஷனல் பழைய ஸ்டைல்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டாண்டில் நிற்கிற அந்த டிரடிஷனல் கேமராதான் மேடையில் நடப்பதை நிறுத்தாமல் சத்தத்தோடு எடுக்கும்.

குலவைக்கு வருவோம். தாலி கட்டுகிற நேரத்தில் தவிலும் நாதஸ்வரமும் கெட்டிமேளம் கொட்டும். கேமராவில் இருக்கிற மைக்கை ஆட்டோ மோடில் விட்டிருந்தால், தவில் அடி விழுந்ததும் அது தானாகவே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். மனுஷர் குரல் அடியில் போய்விடும். கொட்டு நின்றதும் திரும்ப ஏற்றும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் ஆச்சிக்கென்று தனியாக ஒரு மைக் வேண்டும். சட்டைப் பொத்தான் அளவில் வயர்லெஸ் மைக் வருகிறது, சேலை முந்தானையில் குத்திவிடலாம். அதிலேயே பதிவாகிற வகையாக இருந்தால் நல்லது, ஏனென்றால் ஆயிரம் போன் இருக்கிற மண்டபத்தில் வயர்லெஸ் சில சமயம் விட்டுவிட்டு வரும். குலவை ரொம்ப உச்சத்தில் போகிற சத்தம், வாய்க்கு நேராக மைக் இருந்தால் பிசிறும். நெஞ்சுக்குக் கீழே, ஒரு பக்கமாகக் குத்தச் சொல்லுங்கள். 32 பிட் ஃப்ளோட்டில் பதிகிற சின்ன ரெக்கார்டர் வைத்திருக்கிற ஆளாக இருந்தால் இன்னும் நிம்மதி. சத்தம் கூடினாலும் குறைந்தாலும் பின்னால் சரி செய்துகொள்ளலாம்.

மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "ஆச்சி குலவையை எப்படிப் பதிவு பண்ணுவீர்கள்?" பதில் சொல்கிற விதத்திலேயே ஆள் தெரிந்துவிடும். "அதெல்லாம் எடிட்டிங்கில் பார்த்துக்கலாம்" என்றால் வேண்டாம். பதிவாகாத சத்தத்தை எந்த எடிட்டராலும் கொண்டுவர முடியாது. ஆச்சி எங்கே உட்காருவார், மேளக்காரர்கள் எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்கிற ஆளை விடாதீர்கள்.

அடுத்தது, யார் வரப் போகிறார்கள்? தையில் நல்ல முகூர்த்தம் என்றால் ஒரே நாளில் நாலு கல்யாணம் பிடிக்கிற ஸ்டுடியோ உண்டு. உங்களிடம் பேசியவர் ஒருத்தர், வீடியோ காட்டியது ஒருத்தருடையது, மண்டபத்துக்கு வருவது அன்றைக்குக் கூலிக்குப் பிடித்த பையனாக இருப்பான். அந்தப் பையன்களையும் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் தொழில் கற்றேன். ஆனால் உங்கள் ஆச்சி யார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வருகிற ஆட்களின் பெயர், எத்தனை கேமரா, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வெளிச்சம். முகூர்த்தம் 6 மணி என்றீர்கள். தை மாதத்தில் உங்கள் பக்கம் சூரியன் உதிக்கவே ஆறரை தாண்டிவிடும், ஜன்னல் வெளிச்சத்தை நம்ப முடியாது. மண்டபத்து விளக்கு, டெக்கரேஷன்காரர் வைக்கிற கலர் எல்இடி, வீடியோ லைட் மூன்றும் கலந்தால் முகம் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் ஊதா என்று வரும். மேடைக்கு ஊதாவும் பச்சையும் வேண்டாம் என்று டெக்கரேஷன்காரரிடம் இப்போதே சொல்லுங்கள். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவின் ஷட்டர் வேகத்தை விநாடியில் 50ல் ஒன்று, இல்லை 100ல் ஒன்று என்று வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் படத்தில் கோடு கோடாக ஓடும். இதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, தெரிந்த ஆளாக இருந்தால் மண்டபத்தை முன்னாடியே வந்து பார்த்து டெஸ்ட் எடுத்துவிட்டுப் போவார். மண்டபத்தைப் பார்க்க வருவீர்களா என்று மட்டும் கேளுங்கள்.

எடுத்தது முழுவதும் வேண்டும் என்றால் ஹார்ட் டிஸ்கை நீங்களே வாங்கிக் கொடுங்கள். 4கேயில் விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஸ்டாண்ட் கேமரா இரண்டு நாளும் சேர்த்து 8 மணி நேரம் ஓடினால் அதுவே 360 ஜிபி. இன்னும் இரண்டு கேமரா நாலு நாலு மணி நேரம் என்றால் இன்னொரு 360. ஆக 1 டிபி டிஸ்க் போதும், ஆனால் இரண்டு வாங்குங்கள். கல்யாணம் முடிந்த ஒரு வாரத்துக்குள் இரண்டிலும் ஏற்றித் தரச் சொல்லி, ஒன்று உங்களிடம், ஒன்று அப்பாவிடம். எடிட்டிங் முடிய மூன்று மாதம்கூட ஆகலாம், அதுவரை உங்கள் கல்யாணம் ஒரே ஒரு ஆளின் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிகிற கேமராவா என்றும் கேட்டுவிடுங்கள்.

டிரோன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோ, கூடங்குளத்தில் அணுமின் நிலையம், விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம் இருக்கின்றன. பறக்க விடுவதற்கு முன்னால் டிரோனுக்கென்று அரசு வைத்திருக்கிற டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்க்க வேண்டும். 250 கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோனைத் தொழிலுக்காக விடுகிறவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும், 2021 விதிகளில் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் அந்தக் காசை மைக்குக்குக் கொடுங்கள். மேலே இருந்து பார்த்தால் எல்லா மண்டபமும் ஒரே மொட்டை மாடிதான்.

லைவுக்குத் தனி ஆளே நல்லது. யூடியூபில் ஒரு சேனல் முதல் தடவை லைவ் போட அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், முந்தின நாள் ராத்திரி ஆரம்பித்தால் நடக்காது. ஒரு வாரம் முன்பே சோதித்துவிடுங்கள். நம் 6 மணி சார்ஜாவில் விடியற்காலை நாலரை, மாப்பிள்ளையின் அண்ணனுக்கு மறக்காமல் சொல்லுங்கள். லைவ் ஓடும்போது ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமை என்று சொல்லி நடுவில் நிறுத்திவிட வாய்ப்பு இருக்கிறது.

கடைசியாக ஒன்று, எங்கள் பக்கத்துக் கோரிக்கையாகவே வைத்துக்கொள்ளுங்கள். கேமராப் பையன்களை முதல் பந்தியிலேயே இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து அனுப்பச் சொல்லி வீட்டில் ஒருத்தரிடம் பொறுப்புக் கொடுங்கள். காலை நாலு மணிக்கு வந்த பையன் 11 மணி வரை ஒரு காபியோடு நின்றால் அவன் கை நடுங்கும், வீடியோவும் நடுங்கும்.

வள்ளியூர்ப் பொண்ணு:

அக்கா, அட்சதைத் தட்டை இரண்டு தடவை படித்தேன். உங்கள் பதிவை அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன், பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி, நீங்கள் எழுதியதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆச்சி முந்தானையில் மைக் குத்த விடுவாளா என்பதுதான் தெரியவில்லை. ஒரு சந்தேகம். சென்னை டீமின் ஒப்பந்தத்தில், எடுத்த வீடியோவின் உரிமை முழுவதும் அவர்களுக்கே, விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வார்கள், ரா ஃபுட்டேஜ் (எடிட் பண்ணாமல் எடுத்தபடியே இருக்கிற வீடியோ) வேண்டுமானால் 30,000 தனி என்று இருக்கிறது. இது வழக்கமா?

பீளமேடு:

வழக்கமாகிவிட்டது, ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளம்மா. 1957ம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தில் 17வது பிரிவு இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்து, அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்பட்ட போட்டோவுக்கும் படத்துக்கும் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் அந்தப் பணம் கொடுத்தவர்தான். அந்த "வேறு ஒப்பந்தம்" என்பதுதான் உன் கையில் இருக்கிற காகிதம். நீ கையெழுத்துப் போட்டால்தான் உரிமை அவர்களுக்குப் போகிறது. அந்த வரியை அடித்துவிட்டு, "எழுத்தில் சம்மதம் வாங்கிய படங்களை மட்டும் வெளியிடலாம்" என்று எழுதச் சொல்.

என் மகள் கல்யாணத்தில் அவள் அலங்காரம் பண்ணிக்கொள்கிற காட்சிகளை ஒரு ஸ்டுடியோ கேட்காமலே இன்ஸ்டாகிராமில் போட்டது. கீழே யார் யாரோ என்னென்னவோ எழுதியிருந்தார்கள். அவள் அழுதது எனக்கு இன்னும் மறக்கவில்லை. நாங்கள் எதிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பதிவுத் தபால் அனுப்பினேன், இரண்டு நாளில் எடுத்துவிட்டார்கள்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காதே. முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், முடிந்த வீடியோ கைக்கு வரும்வரை கொஞ்சமாவது நிறுத்தி வை. ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்கு. பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், சொன்ன தொகைக்குள்ளேயா வெளியேயா என்று முதலிலேயே கேட்டுக்கொள். யாராவது ஏமாற்றினால் 1915க்கு போன் பண்ணலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. ரசீதும் ஒப்பந்தமும் இல்லாமல் அங்கே போய் நின்றால் வேலை நடக்காது.

பழைய கேசட்:

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். எங்கள் கல்யாணம் 1989. விஎச்எஸ் கேசட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்தாள் என் மனைவி. எடுத்துப் பார்த்தபோது டேப் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. மாற்றிக் கொடுக்கிறவர் சுத்தம் பண்ணி முக்கால் மணி நேரத்தை மீட்டுக் கொடுத்தார், முகூர்த்தம் போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் வாங்கி பீரோவில் வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதே மகளே. வருஷத்துக்கு ஒரு தடவை, உன் கல்யாண நாளன்றே இரண்டு டிஸ்கையும் மாட்டி ஓடவிட்டுப் பார்.

வள்ளியூர்ப் பொண்ணு:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். ஊருக்குப் போய்விட்டு வந்தேன்.

அண்ணாச்சி சொன்ன குலவைக் கேள்வியை மூன்று பேரிடமும் கேட்டேன். சென்னை டீம், எடிட்டிங்கில் ஸ்டாக் சவுண்ட் இருக்கிறது, சேர்த்துக்கொள்ளலாம் என்றது. வேறு யாரோ போட்ட குலவை எனக்கு எதற்கு? திருநெல்வேலிக்காரர் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் அவரே கூப்பிட்டு, ஆச்சிக்குக் காது நன்றாகக் கேட்குமா, மேளம் மேடைக்கு எந்தப் பக்கம், ஆச்சி உட்கார்ந்தபடி போடுவாரா நின்றபடியா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கே வந்து பார்த்தார். எல்இடி ஸ்கிரீனையும் டிரோனையும் எடுத்துவிட்டு, மைக், ரெக்கார்டர் சேர்த்து 1,05,000 என்று முடித்தோம். வருகிற நாலு பேரின் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. உரிமை பற்றிய வரியை பீளமேடு ஐயா சொன்னபடியே மாற்றிக் கொடுத்தார்.

ஊர் ஸ்டுடியோக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். அக்கா கல்யாணத்து டிஸ்க் இருக்கிறதா என்றும் கேட்டேன். 2020லேயே கெட்டுப்போய்விட்டது, "அப்போ எல்லாரும் பாட்டுத்தாம்மா கேட்டாங்க" என்றார். வருத்தப்படவில்லை, காபி வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம் ராத்திரி வீட்டுக்கு வந்து, மைக்குக்குப் பழகட்டும் என்று என் போனை ஆச்சி பக்கத்தில் வைத்து, ஒரு தடவை குலவை போடு ஆச்சி என்றேன். ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏளா, சும்மா இருக்கையில குலவை போடுவாவளா? கால்நாட்டு அன்னைக்குப் போடுதேன், அன்னைக்கு வந்து பிடி" என்றாள். கால்நாட்டு தை 10ம் தேதி எங்கள் வீட்டு வாசலில். அன்றைக்கு மேளம் கிடையாது, தெருப் பெண்கள் மட்டும்தான். ஆச்சி குலவை தனியாகக் கேட்கும். அந்தக் காலை இரண்டு மணி நேரத்துக்கு ஊர் ஸ்டுடியோக்காரரையே வரச் சொல்லிவிட்டார் அப்பா, 6,000 பேசியிருக்கிறது. ஆச்சிக்கு அவரைச் சின்னப் பிள்ளையிலிருந்தே தெரியும், மைக் குத்த விடுவாள். பாட்டு வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.